சேர்ந்து பாட ஒரு பாடம்



கல்லூரி விழா என்றால் பாட்டுப் போட்டி உண்டு. பத்துப் பேர் பாடுவார்கள், மூன்று பேருக்குப் பரிசு. மீதிப்பேர் கைதட்ட வேண்டியதுதான். "நமக்கெல்லாம் பாட்டு வராதுல்லா மக்கா" என்று சொல்லியே மூன்று வருஷத்தையும் ஓட்டிவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பில் என்னிடமும் ஓர் ஆசிரியர், "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். பல வருஷம் நான் வாய் திறக்கவில்லை. பெரியவர் தமக்கு வசதியாகப் பிடித்த சுருதி, சின்னப் பிள்ளையின் தொண்டைக்கு எட்டவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. சேர்ந்து பாடப் பெரிய இசைஞானம் வேண்டாம். கொஞ்சம் கணக்கு போதும்.

நம் மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. வில்லுப்பாட்டில் புலவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க, குடமும் உடுக்கையும் வாசிப்பவர்களே அதை வாங்கிப் பாடுவார்கள். அய்யாவழி நிழல்தாங்கல்களில் உகப்படிப்பை ஒருவர் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். தேவாலயத்தில் கீர்த்தனை தொடங்கினால் பாட்டி முதல் பேத்தி வரை பாடுவார்கள். டிசம்பர் மாதம் கேரல் போகும் பையன்களிடம் யாரும் சுரம் கேட்பதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பெண் 220 ஹெர்ட்ஸில் பாடும் அதே சுரத்தை ஆண் 110 ஹெர்ட்ஸில் பாடுவான். விகிதம் 2:1, அதாவது ஒரு ஸ்தாயி வித்தியாசம். அதனால்தான் இரண்டு குரலும் காதில் ஒன்றாகவே சேர்கின்றன. 220, 223 என்று இரண்டே பேர் பாடினால் வினாடிக்கு மூன்று விம்மல் கேட்கும். இருபது பேர் பாடும்போது இப்படிப்பட்ட சின்ன வித்தியாசங்கள் ஒன்றில் ஒன்று கலந்து, குரலுக்குக் கனம் கொடுக்கின்றன. தனியாகப் பாடினால் குறை, கூட்டத்தில் அதுவே நிறை!

செய்முறை இதுதான்:

1. பாட்டின் தொடக்கத்தை வைத்துச் சுருதி பிடிக்காதீர்கள். மிக உயரமான இடத்தை முதலில் பாடிப் பாருங்கள். அங்கே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கத்தாமல் பாட முடிந்தால் சரி. முடியாவிட்டால் அரைக் கட்டை இறக்குங்கள். அப்புறம் மிகத் தாழ்ந்த இடத்தையும் பாருங்கள்.

2. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடட்டும். பாட்டுப் புத்தகமே வேண்டாம்.

3. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோகும். பக்கத்தில் இருப்பவர் நிறுத்தும்போது நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. பக்கத்துக் குரல் காதில் விழவில்லையா? நீங்கள் அதிகமாகக் கத்துகிறீர்கள்.

5. மெட்டு ஏறவே மாட்டேன் என்பவர் சட்ஜமத்தைத் தம்புராபோலப் பிடித்து நிற்கட்டும். இன்னொருவர் 3:2 விகிதத்தில் பஞ்சமத்தைப் பிடிக்கட்டும். அவர்களும் பாடகர்களே.

இந்தக் கலைக்குச் சேர்ந்திசை என்று பெயர். இதற்காகவே உழைத்தவர் எம்.பி.சீனிவாசன் (1925-1988). மாணவர் இயக்கத்தில் பாடி வளர்ந்து, திரைப்படங்களுக்கும் இசையமைத்தவர். மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பாரதி பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்தார்.

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்றும் சொன்னது. பாட வேண்டிய நேரம் 55 வினாடி. ஆனாலும் மைக் முன்னால் நாலு பேர் பாட, நாம் நிமிர்ந்து நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் விடுதி மொட்டைமாடியில் வெள்ளிக்கிழமை ராத்திரி சும்மா உட்கார்ந்து பாடுகிறோம். மேடை கிடையாது, மார்க் கிடையாது. கடற்கரை ஊர்க்காரன், மலையோரத்துக்காரன், லேட்டரல் என்ட்ரியில் வந்து யாரோடும் பேசாதிருந்தவன், எல்லாரும் வருகிறார்கள். பேச்சு வராதவனுக்கும் இரண்டாவது வாரம் பாட்டு வந்துவிட்டது. பேச்சும் அதன் பின்னாலேயே வந்தது.

ஆகவே நண்பர்களே, "வாயை மட்டும் அசை" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை இன்றோடு மறந்துவிடுங்கள். சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாருங்கள். பாட்டு தானாக வரும்!