வலி வருமுன் போவோம்: பற்சிகிச்சையில் லேசர் ஒளி

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் எமது பெரியவர்கள். ஆனால் அந்தப் பல்லைக் காப்பாற்ற வைத்தியரிடம் போவோம் என்று அழைத்தால் முதலில் தயங்குபவர்களும் அவர்கள்தான். காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களே வரும். ஒன்று ஊசி. மற்றையது பல்லைத் துளைக்கும் இயந்திரத்தின் சத்தம்.

இந்த இரண்டு பயங்களையும் குறைக்கக்கூடிய ஒரு கருவி இன்று உலகின் பல நாடுகளில் பாவனையில் உள்ளது. அதுதான் லேசர். அது எவ்வாறு வேலை செய்கின்றது, எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும், பசறையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்டத்தில் வாழும் குடும்பம் அதிலிருந்து கற்கவேண்டியது என்ன என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

பல் ஏன் வலிக்கிறது?

பல்லின் வெளிப்படை மிளிரி எனப்படும். எமது உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். அதன் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனியுப்புகள். அதில் நரம்பு கிடையாது. எனவே சூத்தை மிளிரியில் மட்டும் இருக்கும்வரை எமக்கு எதுவும் தெரியாது. வலி இல்லாததால் நோயும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

மிளிரிக்குக் கீழே இருப்பது பன்முதல். இதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்களும் அவற்றுக்குள் திரவமும் உண்டு. சூத்தை இங்கே எட்டியதும் குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் அத்திரவம் அசைகிறது. அந்த அசைவை உள்ளே இருக்கும் நரம்பு வலியாக உணர்கிறது.

பல்லைத் துளைக்கும் கருவி நிமிடத்துக்கு மூன்று இலட்சம் தடவைகளுக்கு மேல் சுழல்கிறது. அதன் அதிர்வும் அழுத்தமும் வெப்பமும் இதே நரம்பைத்தான் சீண்டுகின்றன. அதனால்தான் வைத்தியர் முதலில் விறைப்பூசி போடுகிறார். 1943 இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிடொக்கெயின் என்ற மருந்தே இன்றும் பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. ஊசி எமது எதிரியல்ல. வலியைத் தடுக்க வந்த நண்பன். ஆனால் அந்த நண்பனைக் கண்டே பலர் ஓடுகிறார்கள்.

ஒளி எப்படிப் பல்லைச் சுத்தமாக்குகிறது?

லேசருக்கு அடிப்படையான கருத்தை 1917 இல் ஐன்ஸ்டைன் வெளியிட்டார். 1960 மே மாதம் அமெரிக்காவில் தியடோர் மெய்மன் முதலாவது லேசரை ஒளிரச் செய்தார். சாதாரண மின்குமிழின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும். லேசர் ஒளியோ ஒரே அலைநீளத்துடன், ஒரே திசையில், ஒரு சிறு புள்ளியில் குவியும்.

1965 இல் லியோன் கோல்ட்மன் என்ற தோல் வைத்தியர் ஒருவரின் பல்லில் லேசரைச் செலுத்திப் பார்த்தார். அந்தப் பல் யாருடையது தெரியுமா? அவரது சொந்தச் சகோதரருடையது. அவரும் ஒரு பல் வைத்தியரே! அவருக்கு வலி ஏற்படவில்லை. ஆயினும் அக்கால லேசர்கள் பல்லை அதிகமாகச் சூடாக்கின. உள்ளிருக்கும் நரம்பு வெந்துபோகும் ஆபத்து இருந்தது. எனவே பாதுகாப்பான வழி கிடைக்கும்வரை நீண்டகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வழியைத் தந்தது எர்பியம் லேசர். இதன் அலைநீளம் 2940 நானோமீற்றர். அது எமது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர். இந்த அலைநீளத்தை நீர் மிக அதிகமாக உறிஞ்சும். பல்லுக்குள் இருக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் அதை உறிஞ்சி ஒரு கணத்தில் ஆவியாகி விரிகின்றன. அந்த விரிவு சுற்றியுள்ள பல்பொருளை மிகச் சிறு துகள்களாகப் பெயர்த்தெறிகிறது. சூத்தை பிடித்த பகுதியில் நல்ல பகுதியைவிட நீர் கூடுதலாக இருப்பதால், பழுதான இடம் வேகமாகவும் நல்ல இடம் மெதுவாகவும் அகற்றப்படுகிறது. கூடவே நீரைத் தெளித்துப் பல்லைக் குளிர்விப்பார்கள்.

கருவி பல்லை அழுத்துவதில்லை. சுழலும் அதிர்வும் இல்லை. 'டப் டப்' என்ற சிறு ஒலி மட்டும் கேட்கும். 1997 இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதனைப் பல்லின் கடினமான பகுதிகளில் பயன்படுத்த அனுமதித்தது. துளைக்கும் கருவியையும் லேசரையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2016 இல் கொக்ரேன் அமைப்பு ஒரு மீளாய்வை வெளியிட்டது. லேசர் சிகிச்சை பெற்றவர்களில் விறைப்பூசி தேவைப்பட்டோர் குறைவு என்று அது கூறியது. எனினும் சான்றுகள் போதிய பலமுள்ளவையல்ல என்றும் எச்சரித்தது.

லேசராலும் முடியாதவை

லேசர் மந்திரக்கோல் அல்ல. பழைய உலோக நிரப்பலை அகற்ற அது உதவாது. கருவியின் விலை மிக அதிகம். வேலையும் பெரும்பாலும் மெதுவாகவே நடக்கும். வைத்தியரும் நோயாளியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூத்தை ஆழமாகி நரம்பைத் தொட்டுவிட்டால் வேர்ச்சிகிச்சையோ பல்லைப் பிடுங்குவதோதான் வழி. அதற்கு விறைப்பூசி வேண்டும்.

அதாவது, வலி குறைந்த சிகிச்சை என்ற வரம் நேரத்துக்கு வருபவருக்கே கிடைக்கிறது. நேரம் தப்பி வருபவருக்கு உலகின் மிகச் சிறந்த லேசராலும் அதைக் கொடுக்க முடியாது.

எமது மலைகளில்

ஊவாவின் தோட்டங்களில் ஒரு தாய்க்குப் பல் வலித்தால் என்ன நடக்கும்? முதலில் கராம்பை வைத்துக் கடிப்பார். பிறகு டிஸ்பென்சரியில் பனடோல் வாங்குவார். நகரத்து வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. பஸ் செலவு வேறு. எனவே கன்னம் வீங்கும்வரை கொழுந்துக் கூடையுடன் மலையேறுவார். கடைசியில் போகும்போது அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அவர் பட்ட வேதனையைப் பார்த்த மகளும் பல் வைத்தியர் என்றாலே நடுங்குவாள்.

பயம் தாமதத்தைக் கொண்டுவருகிறது. தாமதம் வலியைக் கொண்டுவருகிறது. வலி மீண்டும் பயத்தை வளர்க்கிறது. நகரத்தில் வாழும் எமது வீடுகளிலும் இந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இதை உடைக்க லேசர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? தேவையில்லை. 1980களில் ஆபிரிக்காவின் தன்சானியாவில் ஓர் எளிய முறை தொடங்கியது. சூத்தையின் மென்மையான பகுதியைச் சிறிய கைக்கருவியால் சுரண்டி எடுத்து, பல்லோடு ஒட்டக்கூடிய கலவையால் அடைப்பார்கள். மின்சாரம் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். 1994 இல் உலக சுகாதார அமைப்பு இம்முறையைப் பரப்ப முன்வந்தது. அலைநீளத்தைக் கணக்கிடும் லேசரும் ஒரு சாண் நீளமில்லாத கைக்கருவியும் ஒரே நிபந்தனையைத்தான் விதிக்கின்றன: சூத்தை சிறிதாக இருக்கும்போதே வரவேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம் சத்திரசிகிச்சை மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, பற்காரையைச் சுரண்டும் கருவிகளைத் தமது 'அத்தஸ்ரீப்' நூலில் வரைந்து காட்டினார். வலியில் இருப்பவர் எந்தப் பல் நோகிறது என்பதையே மாற்றிச் சொல்லக்கூடும், ஆகவே அவசரப்பட்டுப் பிடுங்கவேண்டாம் என்றும் எச்சரித்தார். வலி நல்ல வழிகாட்டியல்ல என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். பாடசாலைப் பிள்ளைகளுக்கெனப் பற்சிகிச்சை நிலையங்களும் இயங்குகின்றன. வலி இல்லாத நாளில் பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். முதற் பயணத்தில் ஊசியும் துளைப்பும் இல்லாவிட்டால் அடுத்த பயணத்துக்குப் பயமும் இராது. ஊசி தேவைப்பட்டால், முன்கூட்டியே முரசில் பூசி விறைக்கச் செய்யும் மருந்து உண்டா என்று கேட்கலாம். வலித்தால் கையை உயர்த்துவேன், நிறுத்துங்கள் என்று வைத்தியரிடம் சொல்லிவைக்கலாம்.

சீனி போட்ட சாயத்தண்ணியை நாள் முழுவதும் அடிக்கடி குடிப்பதைக் குறைத்து, புளோரைட் கலந்த பற்பசையால் இரவிலும் பல் துலக்குவோம். வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்களின் வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தால், அது வலிக்காவிட்டாலும் காட்டச் சொல்வோம். வாய்ப் புற்றுநோயும் ஆரம்பத்தில் வலிக்காமலேயே வரக்கூடும்.

சகோதரிகளே, எம்மில் சிலர் நாளை பல் வைத்தியர்களாகப் பேராதனையில் படித்துவிட்டு இந்த மலைகளுக்கே திரும்பக்கூடும். அப்போது கையில் லேசர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் கன்னம் வீங்கிய பின்னர் வரும் தாயைவிட, சிரித்தபடி பல்லைக் காட்ட வரும் தாய் ஒருவர் அதிகமாக வந்தால் அதுவே பெரிய வெற்றி. அந்த வேலையை இன்றைக்கே, எமது வீட்டு உம்மாவிடமிருந்து தொடங்கலாம்.