கடைமடைக்கு அப்பால் ஒரு புல்வெளி

கல்லணைக் கால்வாய் நாகுடி, மணமேல்குடி பக்கம் வந்து முடியுதுன்னு சொல்றோம். தண்ணீர் முடிவதில்லை. வடிகிற மிச்சம் பாக் விரிகுடாவில் சேருது.

அங்கே ஆழமில்லாத கடலடியில் கடற்புல் வளருது. பாசி இல்லைங்க, அறுகு மாதிரி மண்ணுக்குள் தண்டு ஓடி, வேர் விட்டு, பூக்கிற செடி. இறால், நண்டுக் குஞ்சுகளுக்கு அதுவே நாற்றங்கால், கடற்பசுவுக்கு மேய்ச்சல். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது அதனால்தான்.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல். மழைக்கு முதல்நாள் வீசினால் அதில் ஒரு பங்கு வாய்க்காலுக்குத்தான். ‘கடற்புல்லும் செடிதானே, உரத்துல செழிக்காதா?’ என்று கேட்கலாம். அதைவிட வேகமாகப் பாசி செழிக்கும். தண்ணீரில் மிதந்து பச்சையாகக் கலக்கும். இலை மேலேயும் வழுவழுன்னு படியும். களை மூடிய நாற்றங்கால் கதைதான். வெளிச்சம் இல்லாத புல், தண்டில் சேர்த்ததைத் தின்று தீர்த்துவிட்டு அழுகும். அது பிடித்திருந்த சேறு கிளம்பும், தண்ணீர் மேலும் கலங்கும், பக்கத்துப் புல்லும் போகும்.

இழுவைமடி செய்கிற அழிவு தனிக் கணக்கு.

அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் கழிவுநீரின் தழைச்சத்தைக் குறைத்த பிறகு புல் திரும்பியது. ஆனால் பல பத்தாண்டுகள் ஆனது.

நாமதான் யூரியா போடறதில்லையேன்னு ஒதுங்கவும் முடியாது. வாய்க்கால் ஓரத்தில் திறந்து கிடக்கும் எருக்குழியும் மழையில் அதே தழைச்சத்தைத்தான் விடும். என் குழியும் அப்படித்தான் கிடந்தது. இப்போது மேட்டுக்கு மாற்றி, மேலே கீற்று போட்டு, சுற்றிலும் கரை கட்டியிருக்கேன்.