நூறு சதவீதமாவது, மண்ணாங்கட்டியாவது!

"பப்ளிஷர் எதுக்கு சார்? நான் இன்டி. பாட்டு வருமானம் நூறு சதவீதம் எனக்கே."

இசை ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதே என் பிழைப்பு என்பதால், இந்த வசனம் காதில் விழாத வாரமே இல்லை. பாட்டைச் செயலிகளில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் விளம்பர வாசகத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நூறு என்றால் எதில் நூறு என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. வரியும் மெட்டுமான படைப்பு ஒன்று; பப்ளிஷர் பார்ப்பது இதைத்தான். அதைப் பாடி, வாசித்து, மிக்ஸ் செய்து முடித்த ஒலிப்பதிவு இன்னொன்று. தொழிலில் 'மாஸ்டர்' என்போம். டிஸ்ட்ரிபியூட்டர் பொதுவாக வசூலித்துத் தருவது மாஸ்டருக்கான பணத்தை மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி இந்தியாவில் ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தின் வழியே வரும். அதற்கு நீங்கள் உறுப்பினராக வேண்டும், பாட்டையும் அங்கே பதிய வேண்டும். "ஐஎஸ்ஆர்சி நம்பர் வாங்கியாச்சே" என்று போனை நீட்டாதீர்கள். அந்த 12 எழுத்தும் ஒலிப்பதிவின் அடையாளம். படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்று தனி எண் இருக்கிறது. உங்கள் பாட்டுக்கு அது இருக்கிறதா?

கேட்க ஆளில்லாத பணம் எவ்வளவு சேரும் என்று அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஸ்ட்ரீமிங்கில் படைப்பைப் பிரதியெடுப்பதற்கான 'மெக்கானிக்கல்' ராயல்டியை வசூலிக்க எம்எல்சி என்ற அமைப்பு 2021இல் வேலையைத் தொடங்கியது. அந்த பிப்ரவரியிலேயே, யாருடைய பாட்டு என்று பொருத்த முடியாமல் தேங்கிக் கிடந்த சுமார் 42 கோடி டாலரைச் செயலி நிறுவனங்கள் அதனிடம் ஒப்படைத்தன. உரிய காலத்துக்குள் சொந்தக்காரர் வராவிட்டால், அப்பணத்தை அடையாளம் தெரிந்த உரிமையாளர்களுக்குச் சந்தைப் பங்கின்படி பிரித்துக் கொடுக்க அந்நாட்டின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சந்தையில் பெரிய பங்கு யாருக்கு? பெரிய பப்ளிஷர்களுக்கு! பப்ளிஷரே வேண்டாம் என்றவர் பப்ளிஷருக்குப் படியளக்கிறார்.

பாட்டை ஏற்றும் படிவத்திலும் இதே அலட்சியம்தான். பாடலாசிரியர், இசையமைப்பாளர் கட்டங்களில் பேண்டின் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். பேண்டா உட்கார்ந்து வரி எழுதியது? படிவத்தில் ஒரு பெயர், சங்கத்தில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் காசு எந்த வாசலைத் தட்டும்?

பப்ளிஷரிடம் கையெழுத்துப் போட்டால் பாட்டு பறிபோய்விடும் என்பது அடுத்த புரளி. பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பழைய மாஸ்டர்கள் 2019இல் கைமாறின. அவர் பப்ளிஷரோடு ஒப்பந்தம் உள்ளவர்தான். ஆனாலும் படைப்பின் மீதான பிடியை விடாததால், அதே பாட்டுகளை மறுபடி பாடி 2021 முதல் வெளியிட முடிந்தது. வசூல் வேலையை மட்டும் பார்த்து அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் அட்மினிஸ்ட்ரேஷன் ஒப்பந்தம் வேறு. உரிமையையே எழுதிக் கொடுப்பது வேறு. எழுதிக் கொடுத்தாலும்கூட, ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம். சினிமாப் பாட்டு, தனிப்பாட்டு இரண்டுக்கும் இது உண்டு. தியேட்டரில் படத்தோடு ஒலிப்பது மட்டும் விலக்கு.

சில்லறைப் புரளிகள்: உங்களுக்கே தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைப்பதால் புது உரிமை எதுவும் முளைக்காது. எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையது. அரசுப் பதிவு கட்டாயமில்லை, தகராறு வந்தால் சாட்சியாகும். அட்வான்ஸ் சன்மானம் அல்ல, பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள். "வாய்ப்பேச்சிலேயே குடுத்துட்டேன்" என்பதும் செல்லாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

சரி, யாருக்குப் பப்ளிஷர் வேண்டும்? சொந்தப் பாட்டைச் சொந்தக் குரலில் பாடி, மேடையேறுபவருக்கு இப்போதைக்கு அவசியமில்லை; ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்து பாட்டைப் பதிந்தால் போதும். பிறர் பாட எழுதுபவர், விளம்பரத்துக்கும் வெப் சீரிஸுக்கும் பாட்டை விற்க நினைப்பவர், டொராண்டோவிலும் பாரிஸிலும் கேட்கப்படுபவர் ஆகியோருக்கு ஆள் தேவை. ஆனால் அந்தப் பப்ளிஷர் இதுவரை யாருடைய பாட்டை எங்கே விற்றார் என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறங்கள்.

கடைசியாக, நான் எல்லோரிடமும் சண்டை போடும் விஷயம். தமிழில் பாட்டெழுதுபவரிடம் 20 பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். "அண்டசராசரம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று உள்ளே இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டினால் பாட்டெழுதுபவர்கள் சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் கருதுவதால்தான் நிறுவனத்தார் அவ்வளவு மெனக்கெட்டு அண்டத்தை வளைக்கிறார்கள். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். மொழிபெயர்ப்புச் செலவு அவர்களுடையது, அதை அட்வான்ஸில் கழிக்கக் கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள்.