ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு

பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களிலிருந்து புதிதாகக் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சேதராப்பட்டோ திருபுவனையோ காட்டுக்குப்பமோ, எங்கே போனாலும் கதை ஒன்றுதான். டார்கெட், சூப்பர்வைசர் ஏச்சு, பஸ் நெரிசல், வீட்டுக்கு வந்தால் குழுக்கடன் வசூல். மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். ‘டென்ஷன்’ என்று நீங்கள் சொல்வது தலைக்குள் மட்டும் இருப்பதில்லை. தோளிலும் தாடையிலும் வயிற்றிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால் முதலில் உடம்பைக் கவனியுங்கள். மனசு பின்னாலேயே வரும்.

1. மூச்சை விடும்போது நிதானமாக விடுங்கள். 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை விட வேண்டும். எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா இருக்கும்போதே நமக்கு 12 முதல் 20 வரை ஓடும். கோபத்தில் கேட்கவே வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. ஐந்து நிமிடம் போதும், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம். காதைப் பொத்திக்கொண்டு வண்டு போல ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் செய்யும் பிராமரியை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து சீட்டுக்காரர் பயந்துவிடுவார். ஆசனம் கற்க ஆசை இருந்தால் வீடியோ பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாதீர்கள். ஜிப்மரில் 2008இலேயே யோகா சிகிச்சை மையம் வந்துவிட்டது. பாகூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில், பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் 2010இல் தொடங்கிய மையம் இருக்கிறது.

2. இறுக்கிப் பிடித்து விடுங்கள். 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்த முறை. பாயில் மல்லாந்து படுத்து, கால் விரல்களை ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று விட வேண்டும். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுட்டி, தோள் என்று மேலே வாருங்கள். தாடைக்கு வரும்போதுதான் தெரியும், காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று.

3. வாரம் ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். ஆண்களுக்கு புதன், சனி. பெண்களுக்கு செவ்வாய், வெள்ளி என்பது பழைய கணக்கு. உங்களுக்கு எந்த நாள் வார ஆஃபோ அந்த நாளில் குளியுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. குழிக்கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, நாலு மிளகும் ஒரு சிட்டிகை பச்சரிசியும் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். அரிசி பொரிந்து மேலே வந்ததும் இறக்கிவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் தொடங்கி, காதுக்குப் பின்னால், பிடரி, தோள்பட்டை, உள்ளங்கால் என்று சூடு பறக்கத் தேய்த்து அரை மணி நேரம் ஊறுங்கள். வெந்நீரும் சீயக்காயும் பிறகு. சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். உடம்புச் சூடு இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு: கையெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது செல்போனைத் தொட முடியாது. அந்த அரை மணி நேரம் யாரும் உங்களைப் பிடிக்க முடியாது.

4. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குள் நுழையாதீர்கள். கம்பெனிக் கோபம் வாசலோடு நிற்காது, முதலில் கிடைக்கும் பிள்ளை மேலோ தங்கச்சி மேலோ விழும். பாகூர்க்காரர்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கத்தவர்களுக்கு ஊசுட்டேரி. கார்த்திகை, மார்கழியில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும் இடம் அது. புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இருபது நிமிடம் கை வீசி நடந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பொழுது சாய்ந்த பிறகு பெண் பிள்ளைகள் ஏரிக்கரையில் தனியாக நடக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பாகூர் மூலநாதர் கோயில் பிராகாரமோ, வில்லியனூர் மாதா கோயில் குளக்கரையோ, நாலு தோழிகளோடு சுற்றி வாருங்கள்.

5. மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். நைட் ஷிப்ட் என்றால் ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடை நம் ஊரில் லைசென்சோடு இருக்கிறது, கள்ளுக்கடையும் இருக்கிறது, ஒயின்ஷாப்பில் விலையும் குறைவு. ‘உடம்பு வலிக்கு ஒரு கிளாஸ்’ என்று சீனியர்தான் முதலில் கூட்டிப்போவான். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பொய் இல்லை. ஆனால் பின்னிரவில் போதை இறங்கும்போது தூக்கம் உடைந்துபோகும். இரண்டு மணிக்கு விழிப்பு, வியர்வை, படபடப்பு, விடிந்தால் நேற்றைவிட எரிச்சல். அந்த எரிச்சலுக்கு மறுபடியும் ஒரு கிளாஸ். என்னோடு ஷிப்ட் பார்த்தவர்களில் நல்ல வேலைக்காரர்கள் சிலரை இந்தச் சுற்று கொண்டுபோய்விட்டது. சம்பள நாளில் பஸ்ஸில் தனியாக வராதீர்கள். வீட்டில் யாரையாவது ஸ்டாப்புக்கு வரச்சொல்லுங்கள்.

7. ஊர்க் காரியத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேருக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். உங்களுக்கு மட்டும் என்ன அலுப்பு?

8. எல்லா டென்ஷனும் மூச்சுப் பயிற்சியில் போகாது. கடன் டென்ஷன் கடன் குறைந்தால்தான் குறையும். எந்தக் குழுவுக்கு எவ்வளவு, என்றைக்குத் தவணை, எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேராதீர்கள். தலைக்குள் சுற்றும்போது மலையாகத் தெரிந்தது, தாளில் பத்து வரிக்குள் அடங்கிவிடும்.

9. பேசுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. நெல்லும் வீட்டுச் சாமானும் போனவர்கள் திண்ணையில் கூடி உட்கார்ந்து திரும்பத் திரும்ப அதையே பேசினார்கள். வேலையற்ற பேச்சு என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டவர்கள்தான் ரொம்ப நாள் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் சொல்ல முடியாத விஷயம் என்றால் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண். காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் இந்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாத நேரம் என்றால் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்து இடது கைக்கு இறங்கினால் அதை டென்ஷன் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.