விரல் நுனியில் ரூபாய்

கேள்வி: பார்வையற்றவர்கள் ரூபாய் நோட்டுகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

பதில்: முதலில் அளவை வைத்து. பழைய வரிசையில் 100 ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், 500 ரூபாய் 167. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் விரலுக்கு நன்றாகவே தெரியும். 2016 முதல் வந்த வரிசையில் 100, 200, 500 நோட்டுகளின் நீளம் 142, 146, 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நான்கே மில்லிமீட்டர்! பேருந்து நெரிசலில், கண்டக்டர் அவசரப்படுத்தும்போது அதை அளந்து பார்க்க முடியுமா?

அதற்காகத்தான் மேடான அச்சு. 100 ரூபாயில் முக்கோணம், 500-ல் வட்டம். இரு ஓரங்களிலும் சாய்ந்த கோடுகள்: நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. இருநூறிலும் நான்குதான், ஆனால் நடுவே இரண்டு சிறு வட்டங்கள். புது நோட்டில் கட்டைவிரலால் வருடினால் சொரசொரவென்று தட்டுப்படும். கை மாறிக் கசங்கிய நோட்டில் அந்த மேடு தேய்ந்துவிடுகிறது. 10, 20, 50 ரூபாய்க்கோ இந்தக் குறிகளே கிடையாது. ஆகவே பலர் ஒவ்வொரு நோட்டையும் ஒவ்வொரு விதமாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. செல்போன் கேமராவில் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இன்டர்நெட் வேண்டாம். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

பார்வையற்ற ஒருவருக்குச் சில்லறை தரும்போது, “இது ஐம்பது, இது இருபது” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையில் கொடுங்கள்.