பூசணிக்காய் பான்கேக் பஞ்சாக வர

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பூசணிக்காய் பான்கேக் பஞ்சு போல இருந்தது. வீட்டில் சுட்டால் நடுப்பகுதி களியாகிவிடுகிறதே, ஏன்?
- வாசகி, பூநகரி

பதில்: காரணம் பூசணிக்காயில் உள்ள தண்ணீர். அதைத் தண்ணீரில் போட்டு அவிக்காதீர்கள். தோலோடு வெட்டி, நீராவியில் அவித்து, சதையை வழித்து மசித்து, தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறுங்கள். அகப்பையை இழுத்தால் அடியில் ஒரு பாதை தெரிய வேண்டும். அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அதுவரை பொறுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆறிய மசியல் அரைக் கப்புக்கு கோதுமை மா 1 கப், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, முட்டை 1, பால் முக்கால் கப், உருக்கிய பட்டரும் சீனியும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, உப்பும் கறுவாத்தூளும் கொஞ்சம். ஈரமானவற்றைத் தனியாகக் கலக்கி மாவில் ஊற்றி, பத்துப் பன்னிரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். சின்னக் கட்டிகள் கிடக்கட்டும். ரொட்டி மா போல அடித்துக் குழைத்தால் இழுவை பிடித்து, பான்கேக் தோல் போலாகிவிடும்.

10 நிமிடம் வைத்துவிட்டு, குறைந்த நெருப்பில் ஒரு அகப்பை ஊற்றுங்கள். மேலே குமிழ் வெடித்த ஓட்டைகள் மூடாமல் நின்றால் திருப்புங்கள். தட்டி அமுக்க வேண்டாம்.

உங்கள் ஊர் மொட்டைக்கறுப்பன் அரிசி மா கிடைத்தால், கோதுமை மாவில் கால்வாசிக்குப் பதில் அதைச் சேருங்கள். ஓரம் மொறுமொறுப்பாக வரும். மேப்பிள் பாணியைத் தேடி அலையவே வேண்டாம். பனங்கட்டியைக் கரைத்து, வடித்து, காய்ச்சிச் சுடச்சுட ஊற்றுங்கள். பூசணிக்காய்க்கு அதுதான் பொருத்தம்.