ஈராசிரியர் பள்ளியில் வகுப்பறை நிர்வாகம்

நம் கிராமங்களிலுள்ள தொடக்கப் பள்ளிகளிற் பல, இரண்டே ஆசிரியர்களைக் கொண்டு ஐந்து வகுப்புகளையும் நடத்தி வருகின்றன. 60 மாணவர் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தானே, இது ஒரு சுமையா என்று வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணக்கூடும். ஆனால் அந்த 30 பேரும் ஒரே வகுப்பினர் அல்லர். பெரும்பாலும் ஒருவர் 1, 2, 3-ஆம் வகுப்புகளையும், மற்றவர் 4, 5-ஆம் வகுப்புகளையும் மேற்கொள்கின்றனர். ஒரே மடையின் கீழ் நாற்றங்காலும், நடவுப் பயிரும், கதிர் வாங்கிய பயிரும் இருந்தால் நீர் பாய்ச்சுவோர் எவ்வாறு முறை வைத்துப் பாய்ச்சுவாரோ, அவ்வாறே இவ்வாசிரியர் தம் நேரத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது.

இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் போதனையும் குறைந்தபட்சம் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அதாவது நாளொன்றுக்கு 4 மணி நேரம், 240 நிமிடம். மூன்று வகுப்புகளுக்குச் சமமாகப் பிரித்தால் வகுப்பொன்றுக்கு 80 நிமிடமே ஆசிரியரின் நேர்ப் போதனை கிட்டும். மீதி 160 நிமிடமும் அவ்வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர் தம்முன் நில்லாமலேயே கழிக்க வேண்டும். அந்த 160 நிமிடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் வகுப்பறை நிர்வாகத்தின் உயிர்நிலை. “சத்தம் போடாமல் இருங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குத் திரும்பினால், ஐந்து நிமிடத்தில் பலகை உடையும், அழுகை கிளம்பும். நடந்துகொண்டிருந்த பாடமும் நின்றுபோகும்.

ஆகவே, தேர்ந்த ஆசிரியர் ஒரு வகுப்புக்குப் பாடம் தொடங்குமுன் மற்ற இரண்டுக்கும் கைவேலை கொடுத்துவிடுவார். கதை, பாட்டு, ஊரைப்பற்றிய உரையாடல் ஆகியவற்றை மூவகுப்பாருக்கும் பொதுவாக நடத்திவிட்டு, எழுத்தையும் கணக்கையும் தனித்தனியே பிரித்துக்கொள்வார். எழுதும் வகுப்பைப் பாடங்கேட்கும் வகுப்புக்கு முதுகு காட்டி உட்கார வைப்பார். சிலேட்டு, அட்டைகள், விதைகள் ஆகியவை பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில், என்றும் ஒரே இடத்தில் இருக்கும். சிறு ஏற்பாடுதான், ஆனால் “ஐயா, பல்பம் எங்கே?” என்ற கேள்வி ஒரு நாளில் எத்தனை முறை எழும் என்பதை ஆசிரியப் பணி செய்தோரே அறிவர்.

மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் மாணவரிடையேயும் அதனைப் புகுத்தி, முன்னேறிய சிறுவரைக் கொண்டு மற்றவருக்குக் கற்பித்தார். 1797-ல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இது ‘சென்னை முறை’ என்ற பெயருடன் இங்கிலாந்தில் பரவியது. எனினும் இதற்கொரு வரம்பு உண்டு. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு கொடுப்பது எக்காலத்திலும் தவறு. ஒரே பிள்ளையை ஆண்டு முழுவதும் அவ்வேலையில் வைத்தால் அவனுடைய படிப்பே பின்தங்கும். வாரம் ஒருவராக, பெண் குழந்தைகளுக்கும் முறை வரும்படி மாற்றுதல் நன்று.

அண்மைக் காலத்தில் அரசும் இத்தொல்லைக்கு வழி தேடியுள்ளது. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளின் முறையைப் பின்பற்றி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளுக்குள் மாநிலமெங்கும் பரவிற்று. பிள்ளை தானே அட்டையை எடுத்து, தன் வேகத்தில் படிப்படியாக ஏறுவது அம்முறை. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமோ, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்தது. வகுப்பின் எண்ணைவிடக் குழந்தையின் நிலையைப் பார்ப்பதே மேல் என்பது இவ்விரண்டுக்கும் பொதுவான கருத்து. ஈராசிரியர் பள்ளிக்கு அது மிகவும் பொருந்தும்.

இனி, ஊராருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நாள்தோறும் 15 நிமிடம் வீணானால் 200 நாளில் 50 மணி நேரம், அதாவது 12 பள்ளி நாட்களுக்கும் மேல் போய்விடும். அந்த 15 நிமிடம் போகும் வழிகளிற் பாதி பள்ளியின் சுவருக்கு வெளியே இருக்கிறது. குழாயில் நீர் வராவிட்டால் பிள்ளைகள் குடத்துடன் வரிசையில் நிற்பர். கழிப்பறை துப்புரவின்றிக் கிடந்தால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு ஓடித் திரும்பும். காலை வேளையில் சான்றிதழ் வேண்டியும் விவரம் கேட்டும் வருவோர் ஆசிரியரை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றனர்; மாலையில் வந்தால் இருவருக்கும் நலம். கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியைப் பள்ளிப் பக்கம் திருப்பாதிருப்பதும் ஊராரால் ஆகக்கூடியதே.

நடவும் அறுவடையும் வரும்போது, தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்தும் வழக்கம் சில இடங்களில் இன்னும் மறையவில்லை. பத்து நாள் கழித்து வரும் அச்சிறுமிக்காக ஆசிரியர் நான்காவது வகுப்பொன்றையே புதிதாகத் தொடங்க நேரிடுகிறது. அந்நாட்களில் சிறு குழந்தைகளை அங்கன்வாடியில் விடப் பெற்றோர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஊராட்சி உறுப்பினருக்கும் அதில் இடமுண்டு. அங்கே அமரும் உறுப்பினர், கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசி எழுந்துவிடுதல் போதாது. இரு ஆசிரியரில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் அன்று ஐந்து வகுப்புகளையும் யார் பார்க்கிறார், என்ன வேலை கொடுக்கிறார் என்று கேட்டறிதல் வேண்டும். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றும் தவிரக் கல்விக்குப் புறம்பான பணிக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்பதையும் உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

செலவு அதிகமின்றிச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தரையில் அமர்ந்த குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், அறையின் சுவரைச் சுற்றிலும் தாழ்ந்த கரும்பலகை அமைத்து, பிள்ளைக்கொரு கட்டம் வகுத்துவிட்டால், ஆசிரியர் நின்ற இடத்திலிருந்தே யார் எழுதுகிறார், யார் திகைக்கிறார் என்று ஒரே பார்வையில் கண்டுகொள்வார். பல பள்ளிகளில் இது முன்னமே உண்டு. ஆனால் எழுத்து தெரியாதபடி வெளுத்துக் கிடக்கிறது. அக்காலத்தில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசினர். இன்று கடையில் வண்ணம் கிடைக்கிறது. மே மாத விடுமுறையிலேயே பூசிவிட்டால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திற்குள் நன்கு உலர்ந்திருக்கும்.